கை இறங்கும் வரை

போலார் மைல் குழுவைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவார்கள். டிரான்ஸ் என்ற மின்னணு ஆட்ட இசையில் நடுவே தாளத்தின் அடி நின்றுபோய் சுருதி மட்டும் மிதக்கும் ஓர் இடம் வரும். அந்த இடத்தை உலகத்திலேயே அதிகம் நீட்டியவர்கள் இவர்கள்தான் என்பது அந்த விஷயம். அதில் தத்துவம் இருக்கிறது என்றார் ஒருவர். காலத்தையே நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறார்கள் என்றார் இன்னொருவர். ஜெர்மனியில் ஒரு பேராசிரியர் தடித்த புத்தகம் போட்டு, நடுவில் சில பக்கங்களை வெறுமையாக விட்டிருந்தார். அந்தப் பக்கங்களில் மட்டும் தப்பு எதுவும் இல்லை.

நான் அந்தக் குழுவுக்கு வேன் ஓட்டினேன், பெட்டி தூக்கினேன், வயர் சுற்றினேன். அதற்கு முன்னால், கட்டடங்களுக்கு அடியில் கம்பம் இறக்கும் பைல் கூட்டத்துக்கு மேஸ்திரி. பெயர் ஓபே. ஹாலந்தின் வடக்கே ஃப்ரீஸ்லாந்தில் பிறந்து ஃப்ரீஸ்லாந்திலேயே கிழவனானவன் என்பதால் எனக்குப் பொய் சொல்ல வராது. அதற்கு வேண்டிய கற்பனை எங்கள் பக்கம் விளைவதில்லை. நடந்தது இவ்வளவுதான்: வீபேயால் விரலைக் கீழே வைக்க முடியவில்லை.

வீபே என் கூட்டத்தில், கம்பத்தின் தலையில் சுத்தியை இறக்கும் மெஷினின் லீவரைப் பிடித்தவன். எங்கள் மண்ணை மண் என்று சொல்வது மரியாதைக்குத்தான். கம்பம் அடித்து இறக்காமல் கோழிக்கூடுகூடக் கட்ட முடியாது. ஸ்னேக் என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு கம்பத்துக்கு ஒரே அடி கொடுத்தோம், உள்ளே போய் மறைந்துவிட்டது. மறுநாள் பக்கத்து ஊர்க் குளத்தின் நடுவில் அதன் நுனி எட்டிப் பார்த்தது. குளத்துக்காரர் ஒன்றும் கேட்காமல் அதில் படகைக் கட்டிக்கொண்டார்.

இந்த வேலையில் ஒரே ஒரு சட்டம் உண்டு. கீழே நின்று கம்பம் நேராக இருக்கிறதா என்று பார்ப்பவன் கையைத் தூக்கினால் சுத்தி விழக்கூடாது. கை இறங்கினால் விழலாம். மெஷின் இரைச்சலில் வாயால் சொல்வது எடுபடாது என்பதால் எல்லாம் கையில்தான் இருந்தது.

கீழே நின்றவன் அவுக்கே. அவனும் வீபேயும் ஒரே டப்பாவில் சாப்பாடு கொண்டுவருவார்கள். ரொட்டி அவன் வீட்டது, சீஸ் இவன் வீட்டது. ஒரு நவம்பர் காலையில் கம்பம் லேசாகச் சாய்ந்தது. அவுக்கே தோளைக் கொடுத்து அதைத் தாங்கி, ஒரு கையைத் தூக்கினான். டீசல் புகை நடுவே ஓடியது. வீபே அந்தக் கையைப் பார்த்தான். பார்த்ததும் லீவரை இழுத்ததும் ஒரே நொடியில் நடந்தன. கம்பம் வெடித்து அவுக்கேயின் மேல் சாய்ந்தது.

விசாரணைக்கு வந்தவர்கள் யார் மேலும் தவறில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். அதை ஒப்புக்கொள்ளாதவன் வீபே ஒருவன்தான்.

அவுக்கேயின் அடக்கத்தில்தான் கெர்பனைப் பார்த்தோம். அந்தத் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவன். ஒல்லி, மூக்குக் கண்ணாடி, கழுத்துவரை பொத்தான். அது பழைய கட்டுப்பாட்டுச் சபை. அங்கே பைபிள் சங்கீதம் பாடினால் ஒரு சுரத்துக்கு ஒரு மூச்சு. பாடத் தொடங்கும்போது சினையாக இருந்த பசு, முடிந்து வெளியே வந்தால் கன்றை நக்கிக்கொண்டிருக்கும். பின்வரிசையில் இழுத்து இழுத்துப் பாடும் கடைசிக் கிழவர் வரியை முடிக்கும்வரை ஆர்கன்காரன் கையை எடுக்கக்கூடாது. கெர்பன் அதில் பெயர் வாங்கியவன். ஒரு முறை கிழவர் பாட்டின் நடுவே தூங்கிவிட்டார். அவர் எழுந்து முடிக்கும்வரை இவன் பிடித்திருந்தான்.

அடக்கம் முடிந்து எல்லோரும் காப்பிக் கோப்பையும் கேக் துண்டுமாக நிற்கும்போது எங்களிடம் வந்தான்.

"என் பாட்டுக்கு நடுவுல பூட்ஸ் காலால தரையைத் தட்டினது யாரு?"

"நான்தான்," என்றான் வீபே. "மன்னிச்சுக்கங்க. நிறுத்தப் பார்த்தேன். நிக்கல."

"நான் ஒரு சுரம் பிடிக்கிறதுக்குள்ள நீங்க நாப்பது தட்டு தட்டுறீங்க."

"அதான் மன்னிப்புக் கேட்டாச்சே அவன்," என்றேன் நான்.

"மன்னிப்பு எதுக்கு மேஸ்திரி? பின்வரிசைல ரெண்டு பேரு முழிச்சுக்கிட்டாங்க. எங்க சபையில இதுவரைக்கும் நடக்காத அதிசயம் அது." பிறகு குரலை இறக்கிக்கொண்டான். "எங்கப்பாவோட மாட்டுக் கொட்டகை காலியாத்தான் கிடக்கு. அங்க வந்து தட்டுவீங்களா?"

போலார் மைல் அப்படிப் பிறந்தது. துருவத்துக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் தொண்ணூறுகளில் குழு என்றால் ஆங்கிலத்தில் பெயரும், அதில் கொஞ்சம் குளிரும் வேண்டும். கெர்பன் பழைய சின்தசைசர் ஒன்று வாங்கினான். வீபே, தானே ஓட்டிய மெஷினின் சுத்தி விழும் சத்தத்தைப் பதிவுசெய்து டிரம் மெஷினில் ஏற்றினான். அந்த அடியைச் சின்ன ஸ்பீக்கரில் போட்டாலும் அடுத்த பண்ணையில் பால் சட்டி குலுங்கும். வேறு குழுக்கள் அதைத் திருட முயன்று பார்த்தன. அவர்கள் போட்டால் கதவு சாத்துகிற மாதிரிதான் வந்தது.

அந்தச் சத்தத்தையே ஏன் எடுத்தான் என்று கேட்டேன்.

"இதை ஒருதடவை ஒழுங்கா இறக்கணும் மேஸ்திரி," என்றான். "கீழ யாரும் இல்லைன்னு தெரிஞ்சு, நானா இறக்கணும். அது நடந்துட்டா வீட்டுக்குப் போயிடுவேன்."

கொட்டகையில் எந்தத் தொந்தரவும் இல்லை. பாட்டின் நடுவில் அடியை நிறுத்துவான், கெர்பன் சுருதியை மேலே மேலே ஏற்றுவான், வீபே ஒரு சிகரெட் சுருட்டி முடிக்கிற நேரத்தில் விரலை வைப்பான், அடி வந்து விழும். முதல் இரண்டு இசைத்தட்டுகள் அப்படித்தான் வந்தன. கேட்டுவிட்டு ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஃப்ளோரிஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்காரன் வந்தான். சாணம் கிடந்த முற்றத்தில் வெள்ளைச் செருப்போடு இறங்கியவன். அதிலிருந்தே எங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"மேடை ஏறணும்," என்றான். "ஆளுங்க உங்களைப் பார்க்கணும்."

"பார்க்க என்ன இருக்கு எங்ககிட்ட?" என்றான் கெர்பன்.

"அதை விளக்கு வெளிச்சத்துல சரிபண்ணிக்கலாம்."

ஹேரன்ஃபேன் பக்கத்தில் ஒரு பழைய சீஸ் கிடங்கை ஆடும் இடமாக மாற்றியிருந்தார்கள். ஞாயிறு மதியம்தான் அங்கே கூட்டம் சேரும். கெர்பன் காலையில் சங்கீதம் வாசித்துவிட்டு அதே சட்டையோடு வந்தான். பாட்டு ஏறியது. நடுவில் அடி நின்றது. கெர்பனின் சுருதி எழுந்தது. கிடங்கில் இருந்த அத்தனை பேரும், டிரான்ஸ் கேட்பவர்கள் எல்லா ஊரிலும் செய்வதுபோல, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார்கள்.

நான் வீபேயின் முகத்தைப் பார்த்தேன். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. இறங்கவில்லை.

"வீபே," என்றான் கெர்பன். "வீபே! விடுடா!"

"கை தூக்கியிருக்காங்க."

"அதுக்குத்தானே வாசிக்கிறோம்!"

"எனக்குத் தெரியும் கெர்பன். விரலுக்குத் தெரியல."

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே மானம் போயிருக்கும். கெர்பனுக்குப் பிடித்து நிற்பது பழக்கம். சபையில் நின்றதுபோல நின்றான். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குக் கால் வைப்பதுபோல மெல்லப் போனான். கூட்டம் தூக்கிய கைகளோடு காத்திருந்தது. கைகளுக்கு வலி எடுத்தது. ஒவ்வொன்றாகத் தளர்ந்து இறங்கின. கடைசியாக நின்ற நெட்டையனும் வெறுத்துப்போய்க் கையைப் போட்ட அந்த நொடியில் வீபேயின் விரல் இறங்கியது. அடி விழுந்தது. கிடங்கின் கூரையில் நாற்பது வருடமாக ஒட்டியிருந்த சீஸ் தூசி மொத்தமும் கொட்டியது. எல்லோரும் வெள்ளையாக நின்று கத்தினார்கள், அழுதார்கள்.

அடுத்த வாரம் இரண்டு மடங்கு கூட்டம்.

அப்புறம் நடந்ததை யாரும் திட்டம் போடவில்லை. போலார் மைல் காக்கவைப்பார்கள் என்று தெரிந்ததும் ஆட்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தார்கள். யார் அதிக நேரம் கையைத் தூக்கி நிற்பது என்று போட்டி. கூட்டம் பெருகப் பெருகக் கைகளும் பெருகின. கைகள் பெருகப் பெருக நிறுத்தமும் நீண்டது. ஆண்ட்வெர்ப்பில் நிறுத்தத்தின் நடுவே ஒரு ஜோடி அறிமுகமாகி, சண்டை போட்டு, பிரிந்து, வேறு வேறு ஆட்களோடு சேர்ந்துகொண்டது. டோர்ட்முண்டில் ஒருவன் சவரம் செய்த முகத்தோடு உள்ளே வந்து தாடியோடு போனான். பிரேமனில் நான் வெளியே போய் உருளைக்கிழங்கு பொரியல் வாங்கி, மயோனைஸ் போதவில்லை என்று கடைக்காரரோடு தகராறு செய்து, அவர் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு அழைப்பு வாங்கிக்கொண்டு திரும்பினேன். கெர்பன் இன்னும் அதே சுரத்தில் நின்றான்.

ஃப்ளோரிஸ் கொண்டாடினான். இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க நிறுத்தம், மறு பக்கத்தின் கடைசியில் அடி என்று ஒன்று போட்டான். அது எல்லாவற்றையும்விட அதிகம் விற்றது. பத்திரிகைக்காரர்கள் வீபேயைத் துறவி என்று எழுதினார்கள்.

துறவி வேனில் பின்சீட்டில் உட்கார்ந்து கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு வருவான். சாப்பாடு குறைந்தது. பட்டாணிச் சூப்பைக் கொடுத்தால், அது ஆறி இறுகிக் கரண்டி அதில் நட்டுக்கொண்டு நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பான். ரோட்டில் யாராவது பஸ்ஸை நிறுத்தக் கையைக் காட்டினால் வேனுக்குள் கத்துவான், நானும் பிரேக் போட்டுவிடுவேன். ஆளில்லாத ரோடு பார்த்து ஓட்டப் பழகினேன். ஹாலந்தில் அப்படி ரோடு கிடையாது; அதனால் எல்லா ஊருக்கும் பிந்தித்தான் போனோம்.

க்ரோனிங்கனில் ஃப்ளோரிஸ் தன் மூளையை உபயோகித்தான். வீபேயின் அடியைத் தனியாக ஒரு நாடாவில் எடுத்து வைத்துக்கொண்டான். நிறுத்தம் நீண்டு, கைகள் எல்லாம் மேலே நிற்கும்போது அதைப் போட்டுவிட்டான்.

அடி விழுந்தது. கூட்டம் குதித்தது. வீபே மேடையிலிருந்து பாய்ந்து முன்வரிசை ஆட்கள் மேல் விழுந்து அவர்களைத் தள்ளினான். "ஆள் இருக்கு! கீழ ஆள் இருக்கு!" என்று கத்தினான். ஒரு பெண்ணின் கால் மீது விழுந்திருக்கிறான், இன்னொருவனின் மூக்கை உடைத்திருக்கிறான். அவர்களுக்கு அது பிடித்திருந்தது. உடைந்த மூக்கோடு வந்து கையெழுத்துக் கேட்டான் அந்தப் பையன்.

மேடைக்குப் பின்னால் கெர்பன் ஃப்ளோரிஸின் சட்டையைப் பிடித்தான். கெர்பன் அதுவரை யாருடைய சட்டையையும் பிடித்ததில்லை என்பதால் எங்கே பிடிப்பது என்று தெரியாமல் கைப்பட்டியைப் பிடித்திருந்தான்.

"யாரைக் கேட்டு போட்டே?"

"ஜனங்க காத்துக்கிட்டு நிக்கிறாங்கப்பா! பெரியவரே, நீங்களாவது சொல்லுங்க. ஒரு பொத்தான். சின்னக் குழந்தை அமுக்கும்."

"அமுக்கும்," என்றேன் நான். "அமுக்குனப்புறம் தூங்கவும் செய்யும். அவன் தூங்க மாட்டான்."

அதற்குப் பிறகு தன் அடியை வைத்திருந்த எல்லா நாடாவையும் வீபே வாங்கி அடுப்பில் போட்டான். டிரம் மெஷினை வேறு யாரும் தொடுவதில்லை என்று கெர்பனிடம் சத்தியம் வாங்கினான். கெர்பன் சபைக்காரன். சத்தியம் செய்தால் செய்ததுதான்.

ஆம்ஸ்டர்டாமிலிருந்து திரும்பும் வழியில், கடலை மறித்துப் போட்ட நீளமான அணைச்சாலையில் போய்க்கொண்டிருந்தோம். இருபுறமும் தண்ணீர், நடுவில் வேன். அப்போது கெர்பன் கேட்டான்.

"விட்டுடலாமாடா? எனக்கு ஆர்கன் இருக்கு. நீ பேசாம கடை ஏதாவது வை."

"ரோட்டுல யாரு கை காட்டினாலும் கத்துறவன் நான். கடை வெச்சு யாருக்கு விக்கிறது?"

"விளையாடாதே."

"ஒரு தடவை, கெர்பன். அவங்களா களைச்சுப் போய்க் கையைப் போட்டா கணக்குல வராது. அவுக்கேயும் களைச்சுத்தான் இருந்தான். நான் கேட்டு அவங்க இறக்கணும். ஒரு கைகூட மேல இருக்கக் கூடாது. அப்புறம் நான் விடுவேன். அதோட சரி."

"கேட்டா இறக்குவாங்களா?"

"கேட்டுப் பார்க்கலாமே," என்றேன் நான். மேஸ்திரியாக இருந்தவனுக்கு எல்லாமே கேட்டால் நடக்கும் என்று ஒரு நினைப்பு.

கடைசிக் கச்சேரி என்று ஃப்ளோரிஸ் ஊரெல்லாம் ஒட்டினான். இடம் எங்கள் பக்கமே. வடக்கே கடலணைக்கு உள்பக்கம், உருளைக்கிழங்கு எடுத்துமுடித்த வயல். ஆகஸ்ட் மாதம், வெயில் சாய ரொம்ப நேரமிருந்தது. அணைமேல் ஆடுகள் மேய்ந்தன. அணைக்கு அப்பால், தினமும் இருமுறை வந்து போகும் கடல் அப்போது வற்றி, சேறு கண்ணுக்கெட்டியவரை பளபளத்தது. சனம் சைக்கிளில் வந்தது, ரயிலில் வந்தது, பெல்ஜியத்திலிருந்து டிராக்டரில் வந்ததாக ஒருவன் சொன்னான், அவன் டிராக்டரும் நின்றது. ஒரு மாகாணத்து ஆட்கள் மொத்தமும் அந்த வயலில் நின்றதால் வயல் ஓரடி கீழே இறங்கிவிட்டது. இன்றைக்கும் மழைத் தண்ணீர் அங்கேதான் தேங்குகிறது.

பாட்டு ஏறியது. அடி நின்றது. கெர்பன் சுருதியைத் தூக்கினான். கைகள் எழுந்தன. அவ்வளவு கைகளை நான் பார்த்ததில்லை. ஆட்களைவிடக் கைகள் அதிகமாகத் தெரிந்தன.

வீபே என்னைப் பார்த்தான். நான் மைக்கை எடுத்தேன்.

"எல்லாரும் கையைக் கீழ போடுங்கப்பா!"

ஆரவாரம் எழுந்தது. ஒரு கையை மட்டும் தூக்கியிருந்தவர்களும் இரண்டாவதைத் தூக்கினார்கள்.

"வேடிக்கை இல்லை! கையைக் கீழ போடுங்க! உண்மையாத்தான் கேக்கிறேன்!"

சிலர் பக்கத்திலிருந்தவனின் தோள்மேல் ஏறி நின்று இன்னும் உயரமாகத் தூக்கினார்கள். ஃப்ளோரிஸ் என் காதில், "அருமை பெரியவரே, இதை முன்னாலயே வெச்சிருக்கலாம்" என்றான்.

வீபே மெஷினை விட்டு எழுந்தான். சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டான், காலையில் வேலைக்குக் கிளம்புகிறவன் மாதிரி.

"எங்கடா?" என்றான் கெர்பன், சின்தசைசர் கட்டைகளிலிருந்து கையை எடுக்காமல்.

"கீழ போய்ச் சொல்லிட்டு வர்றேன். நீ பிடிச்சுக்கிட்டிரு."

"எவ்வளவு நேரம்?"

"ஆளுக்கு ஒரு வார்த்தை."

முன்வரிசையில் முதல் ஆள் ஒரு தடித்த பையன். வீபே அவன் மணிக்கட்டைப் பிடித்து, முட்டையைக் கூடையில் வைப்பதுபோல் கீழே இறக்கினான். "தம்பி, சுத்தி வருது. கையை எடுத்துக்கோ." பையன் சிரித்தான். வீபேயின் கண்ணைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. கை கீழேயே இருந்தது. அடுத்து ஒரு பெண். "எடுத்துக்கம்மா." அடுத்தவன். அதற்கடுத்தவன். முதல் வரிசை முடிவதற்குள் நடுவில் ஒருவன் மறுபடி தூக்கினான். வீபே திரும்பிப் போய் இறக்கினான், கோபமில்லாமல். இரண்டாவது முறை அவன் தூக்கவில்லை.

பின்னால் இருந்தவர்கள் தாங்களாக இறக்கிவிடுவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். இறக்கவில்லை. அவன் தங்களிடமும் வந்து கையைத் தொட வேண்டும் என்று காத்திருந்தார்கள். அதனால் அத்தனை பேரையும் தொட வேண்டியதாயிற்று. மேடையிலிருந்து பார்த்தால், புல் அறுப்பவன் போகும் வழியில் புல் படிவதுபோல ஒரு பாதை தெரிந்தது. அது வளைந்து, திரும்பி, அகன்றது. ஓரிடத்தில் நின்று, ஒரு கிழவரிடம் ஏதோ நீண்ட நேரம் பேசினான். அப்புறம் விசாரித்தபோது அவர் சொன்னார்: "எனக்குத் தோள்ல வலி, கை தானா மேலதான் நிக்கும்னு சொன்னேன். என்னோட சேர்ந்து பிடிச்சு இறக்கிவிட்டாருப்பா. வலி போயிடுச்சு." அந்த ஆள் இன்றும் வலியில்லாமல்தான் இருக்கிறார்.

கெர்பனின் நெற்றியிலிருந்து வியர்வை கட்டைகளில் சொட்டியது. நான் துடைத்துவிட்டேன். எங்கள் ஊர் மூலிகைச் சாராயம் பேரன்பர்க்கை ஒரு வாய் ஊற்றினேன். அவன் விரல்கள் வெளுத்திருந்தன.

"எங்க இருக்கான்?"

"கடைசிப் பக்கம் போயிட்டான். கொஞ்சம்தான் பாக்கி."

கடைசிக் கையும் இறங்கியது. வயல் முழுக்க ஆட்கள், எல்லோருடைய கைகளும் தொடையோடு ஒட்டி. யாரும் இருமவில்லை. காற்றும் அந்த ஒரே சுருதியும். கீழே யாரும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. மேஸ்திரியாக நானே சொல்லியிருப்பேன், விடலாம் என்று. இனி அவன் திரும்பி நடந்து வந்து விரலை வைக்க வேண்டியதுதான்.

வீபே திரும்பிப் பார்த்தான். மேடையைப் பார்த்தான். பிறகு வேறு பக்கம் பார்த்தான். அணைமேல் ஏறினான். ஆடுகள் விலகின. உச்சியில் நின்று அந்தப் பக்கம் எதையோ கவனித்தான். இறங்கிப் போனான்.

நான் ஓடினேன். என் வயதுக்கு அது ஓட்டமில்லை. கூட்டம் வழிவிட்டது, ஒருவரும் கையை மட்டும் அசைக்கவில்லை. அணைமேல் ஏறியதும் பார்த்தேன். சேற்றில் வண்டல் தேங்குவதற்காக அடித்துவைத்த மரக்கம்பங்கள், வரிசை வரிசையாக, கடலுக்குள் போய்க்கொண்டே இருந்தன. ஆளுயரத்துக்கு நிமிர்ந்து நின்றன. வீபே முதல் வரிசையில் இருந்தான். ஒரு கம்பத்தின் தலையில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தான்.

"வீபே! அது கம்பம்டா! மரம்!"

"தெரியும் மேஸ்திரி!"

"தெரிஞ்சா வாடா! எல்லாரும் இறக்கிட்டாங்க! கெர்பன் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான்!"

"இதுங்க இறக்கலையே!"

முழங்கால்வரை புதைந்து, காலைப் பிடுங்கிப் பிடுங்கி அடுத்ததற்குப் போனான். அதையும் அமுக்கினான். நான் இறங்கிச் சேற்றில் கால் வைத்தேன். இடுப்புவரை போனேன். இரண்டு ஆட்கள் வந்து என்னைப் பிடுங்கினார்கள். என் பூட்ஸ் அங்கேயே நின்றுவிட்டது. எங்கள் கடல் சத்தம் போட்டு வராது. தரை கொஞ்சம் கொஞ்சமாகப் பளபளப்பதை நிறுத்தும், அவ்வளவுதான். வாய்க்கால்கள் நிரம்பின. அவனுக்கும் எங்களுக்கும் நடுவில் தண்ணீர் ஓடியது. யாரோ மீட்புப் படகுக்குச் சொல்ல ஓடினார்கள்.

"வீபே! தண்ணி வருது! திரும்பு!"

தூரத்து வரிசையில் அவன் நிமிர்ந்தான். தண்ணீர் மார்வரை வந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்தான். ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையைத் தலைக்கு மேலே நன்றாகத் தூக்கினான். எங்கள் ஆட்களில் எவனாக இருந்தாலும் அந்தக் கையைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தியிருப்பான். கடல் எங்கள் கூட்டத்தில் வேலை பார்த்ததில்லை.

படகு வந்தபோது கம்பங்களின் தலைகூடத் தெரியவில்லை.

நான் வெறுங்காலோடு வயலுக்குத் திரும்பினேன். நான் விட்டுப்போன இடத்திலேயே எல்லோரும் நின்றார்கள். மேடையில் கெர்பன் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தான். ஃப்ளோரிஸ் ஓர் ஓரத்தில் பெட்டிமேல் உட்கார்ந்து தன் வெள்ளைச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வர்றானா?" என்றான் கெர்பன்.

"இல்லப்பா."

"இன்னும் கொஞ்சம் பிடிக்கட்டுமா? என்னால முடியும் மேஸ்திரி. நீங்க சும்மா சொல்லுங்க, முடியும்."

"போதும், எடுத்துடு."

அவனால் எடுக்க முடியவில்லை. நான் அவன் விரல்களை ஒவ்வொன்றாகக் கட்டையிலிருந்து விலக்கினேன். கடைசி விரல் வந்ததும் சத்தம் நின்றது. ஆடுகள் மட்டும் கேட்டன.

பிறகு ஓரத்திலிருந்தவர்கள் மெல்ல நகர்ந்தார்கள். யாரும் கை தட்டவில்லை. விடைபெறும்போதுகூட ஒருவருக்கொருவர் கையைக் காட்டிக்கொள்ளவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு, கைகளை உடம்போடு ஒட்டிவைத்தபடி, சைக்கிள்களைத் தேடிப் போனார்கள்.